பொன் வேய்ந்த கூரைகள்

ஏலகிரியின் புங்கனூர் ஏரிக்கரையில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், மலையை விட்டு இறங்குவதற்கு ஆயத்தமாக நின்றுகொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பேருந்தின் படிக்கட்டிலிருந்து, "எல்லாரும் ஏறுங்க, அடுத்தது பொற்கோயில்!" என்று ஓர் இளைஞன் குரல் கொடுத்தபோது, பலாச்சுளைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, "பொற்கோயிலா? அதைத்தான் நான் காசியிலேயே பாத்துட்டனே" என்றார். "அது வேற ஆயா, இது நம்ம வேலூர்ல இருக்கிறது" என்றான் பக்கத்திலிருந்த பேரன். பின் வரிசையிலிருந்த ஒருவர் சற்றே ஐயத்தோடு, "பொற்கோயில்னா அமிர்தசரஸ்தானே தம்பி?" என்று கேட்டார். பேருந்து புறப்பட்டுவிட்டது. மூவர் மூன்று கோயில்களைக் குறித்துப் பேசினார்கள். மூவர் சொன்னதும் சரியே என்பதுதான் விஷயம். அன்று முதல் அந்த ஒரே பெயரைப் பற்றிய சிந்தனை என்னை விட்டு அகலவில்லை.

பெயர் என்பது இந்த மலைக்குப் புதிய விஷயம் அன்று. அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே ஏறி வரும் பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்களின் பெயரும் கடையெழு வள்ளல்களின் பெயரும் சூட்டப்பட்டிருக்கின்றன. கபிலரைக் கடந்து பாரியை அடைந்து அதியமானில் திரும்பி நாம் மேலே வந்து சேர்கிறோம். ஆனால் அவை ஆலோசித்துச் சூட்டிய பெயர்கள். ஜனங்கள் தாமாகவே ஒரு கட்டடத்துக்கு வைத்துவிடும் பெயரின் தன்மையே வேறு. ஆயிரங்கால் மண்டபம் என்கிறோம். மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் சிதம்பரத்திலும் திருவண்ணாமலையிலும் அது இருக்கிறது. ஜும்மா மசூதி என்கிறோம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஊரே கூடுமிடம் என்ற பொருளில், டில்லியிலிருந்து பாரசீகத்து இஸ்பஹான் வரையில் அந்தப் பெயர் வழங்குகிறது. ஒன்று தூண்களைக் கண்ட வியப்பினால் வந்த பெயர், மற்றொன்று உபயோகத்தினால் வந்த பெயர். பொற்கோயில் என்பதோ, தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு முதலில் எது பட்டதோ அதனால் வந்த பெயர்.

இந்தப் பெயருக்கு உலகத்திலேயே மிகப் பழைய உரிமை கொண்டாடத்தக்க இடங்களுள் ஒன்று நம்முடைய சிதம்பரம் என்று நான் கருதுகிறேன். பொன்னம்பலம், பொற்சபை, கனகசபை என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் பொருள் ஒன்றே. ஆனந்தக் கூத்தன் ஆடும் ஐந்து சபைகளில் மதுரை வெள்ளியம்பலம், திருநெல்வேலி தாமிரசபை, குற்றாலம் சித்திரசபை, அரக்கோணத்துக்கு அருகிலுள்ள நம் திருவாலங்காடு ரத்தினசபை, தில்லையே பொற்சபை. 907 முதல் 955 வரையில் ஆட்சி புரிந்த முதலாம் பராந்தக சோழன் அந்தச் சபைக்குப் பொன் கூரை அமைத்த செய்தியை, 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. பொற்சபையின் வரலாற்றை ரத்தினசபையின் ஊரில் கிடைத்த செப்பேடு சொல்கிறது என்பது நினைக்க நினைக்க இன்பம் தரும் பொருத்தம்.

அந்தச் செயலைக் குறிக்க நம் முன்னோர் வழங்கிய சொல்லைத்தான் வாசகர்கள் சற்றே நின்று கவனிக்க வேண்டுகிறேன். பொன் பூசினான் என்றோ பொன் போர்த்தினான் என்றோ அவர்கள் சொல்லவில்லை. பொன் வேய்ந்தான் என்றார்கள். தென்னங்கீற்றையும் பனையோலையையும் மலைப்புல்லையும் கொண்டு ஏழைக் குடியானவன் தன் குடிசைக்குச் செய்வது எதுவோ, அதே வினைச்சொல்லைத்தான் சக்கரவர்த்தி தன் ஆண்டவனுடைய மன்றத்துக்குச் செய்த பணிக்கும் கொடுத்தார்கள். தில்லையில் அந்தச் சபையின் முன்னே நின்று நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கு இதன் உண்மை விளங்கும். அது கல்லால் எழும்பிய அடுக்கு விமானம் அன்று. மரத்தாலான ஒரு மன்றம். அதன் கூரையோ இரு பக்கமும் வளைந்து சரிந்து, கிராமத்துக் குடிலின் வடிவத்தையே கொண்டிருக்கிறது. ஓலை இருந்திருக்க வேண்டிய இடத்தில் பொன் ஓடு இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஓடுகள் 21,600 என்றும், அது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கென்றும், அவற்றைப் பிணைக்கும் ஆணிகள் 72,000 என்றும், அது உடலிலுள்ள நாடிகளின் கணக்கென்றும் தில்லைச் சம்பிரதாயம் சொல்லும். பொன்னின் விலையைச் சொல்லாமல் மூச்சின் கணக்கைச் சொன்ன அந்த மரபை வியக்காமல் இருக்க முடியவில்லை.

1251-இல் பட்டத்துக்கு வந்த சடையவர்மன் சுந்தரபாண்டியன், தில்லையிலும் ஸ்ரீரங்கத்திலும் பொன் வேய்ந்து, பொன்வேய்ந்த பெருமாள் என்ற விருதையே தன் பெயராகப் பெற்றான். திருமலையில் ஆனந்தநிலய விமானத்துக்குப் பொன் வேய்வதற்காகக் கிருஷ்ணதேவராயர் 30,000 வராகன் கொடுத்தது 1518-இல். ஆயினும் ஸ்ரீரங்கத்தையோ திருமலையையோ யாரும் பொற்கோயில் என்று அழைப்பதில்லை. சைவர்களுக்குக் கோயில் என்றாலே சிதம்பரம், வைஷ்ணவர்களுக்குக் கோயில் என்றாலே ஸ்ரீரங்கம், திருமலை என்றாலே வேங்கடம் என்றான பிறகு, அடைமொழிக்கு அங்கே இடமேது? உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு பெயர், வெளியே நிற்பவர்களுக்கு ஒரு பெயர் என்பதே இதிலுள்ள சூட்சுமம். உலகத்துப் பொற்கோயில்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் அப்படி இரண்டு பெயர் இருக்கின்றன.

அமிர்தசரஸை எடுத்துக்கொள்வோம். பொற்கோயில் என்பது அயலார் வழங்கும் பெயர். சீக்கியர்களுக்கு அது ஹரிமந்திர் சாகிப், அல்லது தர்பார் சாகிப். இறைவனின் இல்லம், இறைவனின் சபை. நான்காம் குருவான ராம்தாஸ் வெட்டத் தொடங்கிய அமுதக் குளத்தின் பெயரே ஊர்ப் பெயராயிற்று. அந்தக் குளத்தின் நடுவே ஐந்தாம் குரு அர்ஜுன் தேவ் கட்டிய ஆலயத்தில் 1604-இல் ஆதிகிரந்தம் எழுந்தருளியது. அப்பொழுது அங்கே பொன் ஒரு குன்றிமணியளவும் இல்லை. உயர்ந்த பீடத்தின்மேல் கட்டாமல், வருபவன் படியிறங்கித் தாழ்ந்து செல்லும்படியாக அதைக் கட்டினார்கள். எந்தத் திசையிலிருந்து யார் வந்தாலும் நுழையலாம் என்பதற்காக நான்கு பக்கமும் வாயில் வைத்தார்கள். 1762-இல் அஹமத் ஷா அப்தாலியின் சேனை வெடிமருந்து வைத்து அதைத் தகர்த்துத் திருக்குளத்தையும் தூர்த்தது. சீக்கியர்கள் மீண்டும் தோண்டினார்கள், மீண்டும் கட்டினார்கள். அதற்கும் பின்னரே, பஞ்சாபின் மகாராஜா ரஞ்சித் சிங் பளிங்கும் செம்பும் கொண்டு அதைப் புதுப்பித்து, 1830-ஐ ஒட்டிப் பொன் தகடு வேய்ந்தார். அதாவது, கோயில் பிறந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகுதான் பொற்கோயில் என்ற பெயருக்கே காரணம் பிறந்தது.

பொன் துருப்பிடிப்பதில்லை என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் பொன்னின் அடியிலிருக்கும் செம்பு களிம்பேறும், மரம் உளுக்கும், அரக்கு வெடிக்கும். மழையும் புகையும் பறவையும் அந்த மெல்லிய தகட்டை ஓயாமல் தேய்க்கும். அமிர்தசரஸில் 1995 முதல் 1999 வரையில் தகடுகளைக் கழற்றிப் புதிதாகப் பொன்னேற்றும் பெரும் பணி நடந்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் குடியேறிய சீக்கியர்களின் தொண்டர் சபை ஒன்று அதை ஏற்றுச் செய்தது. 1923-இல் திருக்குளத்தைத் தூர் வாரியபோது பணக்காரனும் ஏழையும் ஒரே வரிசையில் நின்று சேற்றுக் கூடையைக் கைமாற்றினார்கள். கர்சேவா என்று அவர்கள் சொல்லும் அந்தக் கைத்தொண்டைத்தான் நான் அந்தக் கோயிலின் உண்மையான பொன்னாக நினைக்கிறேன்.

ஏரிக்கரையில் அந்த மூதாட்டி சொன்னதும் இதே ரஞ்சித் சிங்கின் காரியமே. காசி விசுவநாதர் ஆலயத்தை இன்றைய வடிவில் 1780-இல் கட்டியவர் இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர். அதன் சிகரங்களுக்கு 1830-களில் பொன் கொடுத்தவர் பஞ்சாபின் சீக்கிய மகாராஜா. இரண்டு மதங்களின் இரண்டு க்ஷேத்திரங்கள் ஒரே மனிதருடைய பக்தியினால் ஒரே பெயரை அடைந்தன. ஆயா காசியில் பார்த்ததும் பின் வரிசைக்காரர் அமிர்தசரஸில் பார்த்ததும் ஒரே பொக்கிஷத்திலிருந்து வந்த பொன் என்பதை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

இலங்கையின் தம்புள்ளையில் கதை வேறு விதம். அங்கே கோயில் என்பது ஒரு பெரும் பாறையின் குடைவு. தென்னாட்டிலிருந்து வந்த படைத்தலைவர்களால் அரசிழந்த வலகம்பா மன்னன், கி.மு. முதல் நூற்றாண்டில் அந்தக் குகைகளில் மறைந்து வாழ்ந்து, அரசை மீண்டும் பெற்றபின் தனக்குப் புகலிடம் தந்த பாறையையே விகாரையாக்கினான் என்பது வரலாறு. ஐந்து குகைகள், உள்ளே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புத்தர் படிமங்கள், கூரைப் பாறையின் மேடுபள்ளங்களின் மீதே திரைச்சீலை விரித்தாற்போல் எழுதிய ஓவியங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட நிசங்கமல்லன் அந்தப் படிமங்களுக்குப் பொன் பூசி அதைக் கல்வெட்டிலும் பொறித்தான். அதனால் அது ரன்கிரி ஆயிற்று. ரன் என்றால் சிங்களத்தில் பொன், கிரி என்பது நம் ஏலகிரியின் கிரியே. 1991-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, தம்புள்ளைப் பொற்கோயில் என்ற பெயரிலேயே ஏற்றது. இப்பொழுது அடிவாரத்தில் வானளாவிய பொன்னிறப் புத்தர் சிலை ஒன்று எழும்பியிருப்பதால், யாத்திரிகர்களில் சிலர் அதுவே பொற்கோயில் என்று எண்ணிப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பெயருக்குரிய பொன்னோ மேலே, வெயில் புகாத குகையில், விளக்கொளியில் இருக்கிறது.

நேபாளத்தின் பாட்டன் நகரத்திலும் ஒரு பொற்கோயில் உண்டு. பொன்னிறப் பெருவிகாரை என்று பொருள்படும் ஹிரண்யவர்ண மகாவிகாரை என்பது அதன் பெயர். நெருங்கிய வீடுகளுக்கிடையே குறுகிய வாயிலில் குனிந்து நுழைந்தால், திடீரென்று ஒரு முற்றமும் பொன்முகப்பும் தோன்றும். பன்னிரண்டு வயது நிரம்பாத ஒரு சிறுவன்தான் அங்கே பிரதான பூசகன். அந்த நகரத்து நேவார் கன்னார்கள் செம்புக்குப் பொன்னேற்றும் முறை, அழகுக்குப் பின்னே எத்தகைய விலை இருக்கிறது என்பதைக் காட்டுவது. பொன்னைப் பாதரசத்தோடு சேர்த்து வெண்ணெய்போல் அரைத்து, செம்பின்மேல் தடவி, தீயில் காட்டுவார்கள். ரசம் புகையாகிப் பறந்துபோகும், பொன் செம்பைப் பற்றிக்கொண்டு நிற்கும். முதலில் மங்கிய மஞ்சளாக இருப்பதை அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஒளி வரவழைப்பார்கள். அந்த ரசப் புகை மூச்சில் புகுந்தால் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. தலைமுறை தலைமுறையாக அதைச் சுவாசித்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

குடகுக்கு உல்லாசப் பயணம் போகும் நம்மவர்கள் வழியில் பார்த்துவரும் பைலகுப்பே திபெத்திய மடாலயத்தையும் பொற்கோயில் என்றே சொல்கிறார்கள். அதன் பெயர் நம்திரோலிங்.

எல்லாவற்றிலும் என் உள்ளத்தை அதிகம் கலக்கியது ஜப்பானின் கியோட்டோவிலுள்ள கின்காகு. பொன் மாளிகை என்பது அதன் நேர்ப் பொருள். அது அடங்கிய ஜென் ஆலயத்தின் பெயரோ ரொகுஓன்ஜி. மூன்றாம் அஷிகாகா ஷோகுனான யோஷிமித்சு 1397-இல் தன் ஓய்வு மாளிகையாக அதை நிறுவினார். அவர் இறந்தபின் அவர் விருப்பப்படியே அது ஆலயமாயிற்று. மூன்று நிலைகள், மேல் இரண்டு நிலைகளுக்கும் பொன், முன்னே ஒரு குளம், அதில் அதன் பிம்பம். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ யுத்தங்களைத் தப்பிய அந்த மரக் கட்டடத்துக்கு, 1950-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி அதிகாலையில், அந்த ஆலயத்திலேயே பயின்ற ஓர் இளந்துறவி தீ வைத்தான். விடிவதற்குள் எல்லாம் சாம்பல். கூரை உச்சியிலிருந்த வெண்கலப் பறவை மட்டும், முன்னரே கழற்றி வைக்கப்பட்டிருந்ததால் தப்பியது. யுகியோ மிஷிமா 1956-இல் அந்தத் துயரத்தைக் கருவாகக் கொண்டு நாவல் எழுதினார். அதற்கு முந்திய வருஷமே, 1955-இல், ஜப்பானியர் பழைய அளவுகளின்படியே அதைத் திரும்பவும் எழுப்பிவிட்டிருந்தார்கள். அப்பொழுது ஒட்டிய பொன் நெடுநாள் நிற்கவில்லை. ஆங்காங்கே உரிந்து அடியிலுள்ள கரிய அரக்கு வெளியே தெரிந்தது. ஆகவே 1987-இல் மறுபடியும், வழக்கமானதைப்போல ஐந்து மடங்கு கனமுள்ள இதழ்கள் ஏறக்குறைய இரண்டு லட்சத்தை, இருபது கிலோ பொன் கொண்டு செய்து ஒட்டினார்கள். அதே நகரில் யோஷிமித்சுவின் பேரன் கட்டிய வேறொரு மாளிகைக்கு வெள்ளி மாளிகை என்று பெயர்; அதில் வெள்ளி எந்நாளும் வேயப்படவில்லை. பிற்காலத்து ஜனங்கள் பொன் மாளிகைக்கு இணையாக அதற்கு அப்பெயரைக் கொடுத்தார்கள். மங்கிய மரமாக நிற்கும் அதன் அமைதியைப் பார்த்தவர்கள், பெயர் தகாது என்று சொல்ல மனம் துணிய மாட்டார்கள்.

இரண்டு லட்சம் இதழுக்கு இருபது கிலோதானா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். சாதாரணத் தங்க ரேக்கு ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பகுத்ததில் ஒரு பங்கு கனம் உடையது. ஒரு கிராம் பொன்னை அவ்வளவு மெல்லியதாக்கினால் அரைச் சதுர மீட்டர் பரப்பை மூடிவிடும். தஞ்சாவூர்ச் சித்திரம் எழுதும் ஒருவர் ரேக்கை எடுப்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காகித மடிப்பைத் திறந்ததும் அவர் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். என்னைப் பேச வேண்டாம் என்று கையால் காட்டினார். விரல் பட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஆகவே தூரிகையின் நுனியால் ஓரத்தைத் தொட்டார். நான் அடக்கிக்கொண்டிருந்த மூச்சைச் சற்றே விட்டுவிட்டேன். இரண்டடி தூரத்தில் அந்த இதழ் அலைபோல் எழும்பி மடிந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. "இன்னொண்ணு எடுத்தா போச்சு" என்றார்.

அந்த இதழை எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தாருக்குச் சொந்தமான ஒரு செய்தி இருக்கிறது. பொன்னைச் சம்மட்டியால் நேரே அடித்தால் அது கிழிந்துபோகும். அதனால் சிறு துண்டுகளாக நறுக்கி, தோலாலான ஏடுகளின் இடையிடையே வைத்துக் கட்டி, அந்தக் கட்டின்மேல் மணிக்கணக்காக அடிப்பார்கள். ஐரோப்பாவில் அந்த ஏடு மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வு. நம் நாட்டில் பதப்படுத்திய தோலும் சவ்வும். ஜப்பானின் கனசாவா நகரத்தாரோ, அதற்கென்றே பக்குவப்படுத்திய காகிதத்தை உபயோகிக்கிறார்கள். அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு, பொன்னைக் கிழியாமல் விரியச் செய்வது தோலின் குணம். பாட்டன் விகாரையில் தோல் செருப்பையும் தோல் பொருள்களையும் கழற்றி வைத்த பிறகே உள்முற்றத்தில் இறங்க வேண்டும். அது அவர்கள் ஆசாரம், அதை மதிக்க வேண்டியதே. ஆனால் தலைமுறைகளாகத் தோலை ஊறவைத்தும் உரித்தும் பதனிட்டும் வாழ்ந்த ஜனங்கள், அந்தத் தொழிலின் பொருட்டே ஒதுக்கப்பட்ட ஜனங்கள், உலகத்தின் பல தெய்வ விமானங்களின் பொன் தோலின் மடியில்தான் விரிந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். இப்பொழுது ஆம்பூர் டேனரிகளின் ஃபினிஷிங் பகுதியில், மாதர் காலணிக்கான தோலின்மேல் பொன்னிற ஃபாயிலை வைத்துச் சூடான இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும்போது, மங்கிய தோல் ஒரு நொடியில் சுடர்விட்டு வெளிவருவதைக் காணலாம். வேய்தல் அங்கேயும் நடக்கிறது.

இந்த வட்டாரத்துக்கும் பொன்னுக்கும் உள்ள உறவு அதோடு முடியவில்லை. ஏலகிரியின் அடியிலிருக்கும் ஜோலார்பேட்டைச் சந்திப்பிலிருந்து பெங்களூர் மார்க்கமாகச் செல்லும் ரயில் பங்காருப்பேட்டையில் நிற்கும். பௌரிங் துரையின் பெயரால் பௌரிங்பேட்டை என்று வழங்கிய ஊர், பக்கத்தில் பொன் விளைந்ததால் பங்காருப்பேட்டை ஆயிற்று. அங்கிருந்து கிளை பிரிவது கோலார் தங்கவயலுக்கு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கம் தொடங்கிய நாளிலிருந்து, வடஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்கும் ஜாதிக் கொடுமைக்கும் தப்பிக் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டவர்களே அதன் தொழிலாளிகள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கல் தொட்டால் கையைச் சுடும் வெக்கையில், பாறை வெடித்துச் சிதறும் அபாயத்தில் அவர்கள் உழைத்தார்கள். ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் பொன். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் பொன்னை மேலே அனுப்பிய அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. சிலிக்கா தூசியால் நுரையீரல் கெட்டு ஊர் திரும்பிய பெரியவர்களை எங்கள் பக்கத்தில் பலருக்கும் தெரியும். எந்தக் கோயிலின் எந்தத் தகட்டில் அவர்கள் வெட்டிய பொன் இருக்கிறதென்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

இனி வேலூருக்கு வருவோம். நகருக்குத் தெற்கே திருமலைக்கோடியில், ஸ்ரீபுரம் என்று பெயரிட்ட வளாகத்தில், நாராயணி பீடத்தின் சக்தி அம்மா எழுப்பிய லக்ஷ்மி நாராயணி ஆலயத்துக்கு 2007 ஆகஸ்ட் 24-இல் கும்பாபிஷேகம் நடந்தது. நட்சத்திர வடிவில் அமைந்த பாதையில் ஒன்றேமுக்கால் கிலோமீட்டருக்கு மேல் நடந்த பிறகே சந்நிதி. விமானமும் அர்த்தமண்டபமும் வேலைப்பாடமைந்த செம்புத் தகடுகளின்மேல் பல அடுக்குப் பொன் வேய்ந்தவை. 1,500 கிலோ பொன் செலவாயிற்றென்று சொல்லப்படுகிறது. புதிய கோயிலாயிற்றே, சரித்திரப் பெருமை எங்கே என்று சிலர் கேட்பதுண்டு. அது நியாயமான கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை. பராந்தகன் வேய்ந்த மறுநாள் தில்லையும் புதியதாகத்தான் இருந்திருக்கும். அந்தி நேரத்தில் விளக்கு ஏற்றியவுடன், ஆலயத்தைச் சூழ்ந்த நீரில் அந்தப் பொன் இறங்கி அசையும்போது, அமிர்தசரஸின் குளமும் கியோட்டோவின் குளமும் நினைவுக்கு வருகின்றன. இந்த மூன்று இடங்களிலும் பொன்னுக்குப் பக்கத்தில் நீரையும் வைத்தார்கள். பொன்னின் ஒளி வானத்தைப் பார்த்துப் போய்விடாமல் மனிதனிடம் திரும்பி வருவதற்கு நீர் வேண்டியிருக்கிறது போலும்.

வேலூர் சென்றவர்கள் கோட்டைக்குள்ளிருக்கும் ஜலகண்டேசுவரரையும் தரிசிக்காமல் திரும்பக் கூடாது. அகழி நீரால் சூழப்பட்ட அந்தக் கோயிலில் பொன் விமானம் இல்லை. யாளியும் குதிரை வீரரும் பாயும் கல்யாண மண்டபத்துக் கருங்கல் தூண்களே அதன் செல்வம். அந்த மண்டபத்தை ஆங்கிலேயர் ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். மூலவர் இல்லாமல் நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்த கருவறையில், 1981-இல்தான் லிங்கம் மீண்டும் பிரதிஷ்டையாகி வழிபாடு தொடங்கிற்று. இன்று தீபம் காட்டும்போது அந்தக் கல் சுவர்களில் விழும் மஞ்சள் ஒளியைப் பார்த்தவர்கள், நான் இதை இந்த வரிசையில் ஏன் சேர்த்தேன் என்று கேட்க மாட்டார்கள்.

சென்ற பங்குனியில் நிலாவூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஓட்டு வீடுகளும் காரை வீடுகளும் பெருகிவிட்ட மலையில், தப்பிப் பிழைத்த ஒரு குடிசையின்மேல் ஏறி உட்கார்ந்து முதியவர் ஒருவர் புல் வேய்ந்துகொண்டிருந்தார். கீழே நின்ற பெண் புல்லுக் கத்தையை வீச, அவர் ஒரு கையால் பிடித்து, நுனி கீழ்நோக்கி விரித்து, நாரால் கழியோடு இழுத்துக் கட்டினார். கறுத்து இற்றுப்போன பழைய புல்லை முழுவதும் அவர் பிரித்தெறியவில்லை. அதன்மேலேயே புதியது ஏறியது. வெயிலில் அந்தப் புதுப் புல் பளபளத்தது.

"வருஷா வருஷம் வேயணுமா பெரியவரே?" என்றேன்.

"ரெண்டு வருஷம் தாங்கும் சார். அப்புறம் வேஞ்சுதான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கத்தைக்காகக் கையை நீட்டினார்.